பூச்சி காட்டிக்கொடுத்த கார்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ‘எனக்குப் பிடித்த ரேஸ் கார் போர்ஷே 917’ என்று போகிறபோக்கில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கேள்விகளைப் படித்து முடிக்கவே ரெண்டு நாள் ஆகிவிட்டது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முழுக்க 917தான். கார் பிடிக்காதவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புரோட்டோடைப் என்றால் முன்மாதிரி, அதாவது ஒன்றோ இரண்டோ செய்து பார்ப்பது. ஆனால் 917ஐ எடுத்த எடுப்பில் 25 செய்தார்கள் என்று படித்தேன். அப்புறம் அது எப்படி புரோட்டோடைப் ஆகும்?

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். சட்டப்படி அது புரோட்டோடைப்பே இல்லை, அங்கேதான் வேடிக்கையே இருக்கிறது. 1968இல் கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச ஆணையம், புரோட்டோடைப் கார்களுக்கு 3 லிட்டர் இன்ஜினுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. ஆனால் ஏற்கெனவே 50 கார் செய்து முடித்த ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்றால் 5 லிட்டர் வரை போகலாம். ஃபோர்டு ஜிடி40, லோலா டி70 போன்ற பழைய பெரிய கார்கள் வீட்டில் சும்மா கிடக்க வேண்டாமே, அவையும் வந்து ஓடினால் மைதானம் நிறையும் என்ற நல்லெண்ணம்தான். பிறகு அந்த 50ஐயும் 25 ஆகக் குறைத்தார்கள். பந்தயத்துக்காக மட்டும் புத்தம் புதிதாக 25 கார் செய்யும் அளவுக்கு எந்தக் கம்பெனிக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

போர்ஷேயின் ஊரான ஸ்டுட்கார்ட்டில் ஒருவருக்குப் பிடித்தது. ஃபெர்டினாண்ட் பியெக், கம்பெனியைத் தொடங்கிய பெரிய போர்ஷேயின் பேரன், அப்போது முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது. விதியைப் படித்தார், 25தானே, செய்துவிடலாம் என்றார். ஒரு வருடத்துக்கும் குறைவான காலத்தில் கார் தயார். 1969 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் நிறுத்தி, 1,40,000 ஜெர்மன் மார்க் என்று விலை சொன்னார்கள். அந்தக் காசுக்கு ஏறக்குறைய பத்து போர்ஷே 911 வாங்கியிருக்கலாம்.

ஆணையத்தின் ஆய்வாளர்கள் முதல் தடவை வந்து பார்த்தபோது முழுதாக நின்றது மூன்றே கார். மிச்சமெல்லாம் பாதி கோத்ததும் உதிரி பாகங்களாகக் கிடந்ததும்தான். ‘பாகம் இருக்கிறதே, சேர்த்தால் கார்’ என்று வாதாடிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. சரி என்று ஆபீசில் டைப் அடிப்பவர்கள், தொழில் பழகும் பையன்கள் என்று கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் உட்காரவைத்துக் கோக்கச் சொன்னார்கள். ஏப்ரலில் தொழிற்சாலை முற்றத்தில் 25 வெள்ளைக் கார்கள் ஒரே வரிசையில் நின்றன. அந்தப் படத்தை நீங்கள் எங்காவது நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ‘எதை வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிப் பாருங்கள்’ என்று பியெக் சொன்னார், வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்பவும் சிரிப்பு வரும், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானதைப் பிறகு பிரித்துப்போட்டு, விவரம் தெரிந்தவர்கள் மறுபடியும் ஒழுங்காகக் கோத்தார்கள்.

கேள்வி: 12 சிலிண்டர், 500க்கு மேல் குதிரைசக்தி, ஆனால் ரேடியேட்டர் கிடையாது, வெறும் காற்றிலேயே குளிர்ந்தது என்கிறார்களே. நம்பலாமா?

பதில்: நம்பலாம். இன்ஜின் தலைமேல் படுக்கைவாக்கில் ஒரு பெரிய மின்விசிறி மாதிரி ஒன்று சுழலும். அதைச் சுழற்றவே சுமார் 17 குதிரைசக்தி செலவானது என்பார்கள். தண்ணீர், ரேடியேட்டர், குழாய் எல்லாவற்றையும் சுமப்பதைவிட அது லாபம்.

இன்ஜினை வடிவமைத்தவர் ஹான்ஸ் மெட்ஸ்கர். அவசரத்தில் அவர் போட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். போர்ஷேயிடம் ஏற்கெனவே 908 என்று ஒரு 3 லிட்டர் கார் இருந்தது, எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் 85 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் நகரும் தூரம் 66 மில்லிமீட்டர். அதே அளவு சிலிண்டரைப் பன்னிரண்டு வைத்தால் 4,494 சிசி. 5 லிட்டருக்கு அரை லிட்டர் குறைவுதான், பரவாயில்லை, ஆனால் ஏற்கெனவே ஓட்டித் தேர்ந்த அளவு, புதிதாகத் தலைவலி இல்லை. நாலரை லிட்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்ட இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில்.

ஆனால் பன்னிரண்டு சிலிண்டருக்கு கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, நீண்டுபோகும். நீண்ட கம்பியை ஒரு முனையில் பிடித்து முறுக்கினால் மறுமுனை தாமதமாகத்தானே திரும்பும், வேகம் ஏற ஏற அதுவே அதிர்வாகி உடைத்துவிடும். அதனால் சக்தியை முனையிலிருந்து எடுக்காமல் நட்டநடுவில் ஒரு பல்சக்கரம் வைத்து அங்கிருந்து எடுத்தார். கிட்டத்தட்ட இரண்டு ஆறு சிலிண்டர் இன்ஜின்களை முதுகோடு முதுகாக ஒட்டிய மாதிரி.

மொத்தக் காரும் 800 கிலோ சொச்சம்தான். கியர் மாற்றும் குமிழைக்கூட லேசான பால்சா மரத்தில் செய்தார்கள். எலும்புக்கூடு அலுமினியக் குழாய்களை வெல்டிங் செய்தது, அது ஐம்பது கிலோகூட வராது. குழாய்க்குள் அழுத்தத்தில் வாயுவை அடைத்து ஒரு மீட்டர் வைத்துவிட்டார்கள். முள் இறங்கினால் எங்கோ வெல்டிங் விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். ஓட்டுநரின் பாதம் இருப்பது முன்சக்கர அச்சுக்கும் முன்னால். அந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டே மணிக்கு 300 கிலோமீட்டரில் போகிறவர் மனநிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 917இன் கோளாறைக் காட்டிக்கொடுத்தது பூச்சிகள்தான் என்று ஒரு நண்பர் பந்தயம் கட்டினார். உண்மையா, இல்லை கட்டுக்கதையா?

பதில்: நண்பர் ஜெயித்துவிட்டார். உண்மைதான்.

1969இல் இந்தக் காரை ஓட்டவே ஆள் வரவில்லை. பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்துக்கு போர்ஷே ஓட்டுநர் ஜோ சிஃபெர்ட் பயிற்சியில் 917ஐ ஓட்டிப் பார்த்துவிட்டு, பந்தயத்தன்று பழைய 908ஐ எடுத்துக்கொண்டு போய் ஜெயித்தார். 917 அங்கே முதல் சுற்றிலேயே படுத்துவிட்டது. அடுத்து ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயம். வழக்கமான ஓட்டுநர்கள் கழன்றுகொள்ள, வெளியிலிருந்து ஃபிராங்க் கார்ட்னரையும் டேவிட் பைப்பரையும் கூட்டிவந்து ஓட்டவைத்தார்கள். எட்டாவது இடம். நேர்ச்சாலையில் கார் தன் இஷ்டத்துக்குச் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்கிறது, கொஞ்சம் பிரேக் தொட்டால் வால் ஆடுகிறது, இதுதான் எல்லாருடைய புகாரும். ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் ஆஸ்டரைஷ்ரிங் தடத்தில் சிஃபெர்ட்டும் கூர்ட் ஆரென்ஸும் முதல் வெற்றியைக் கொண்டுவந்தார்கள்தான், ஆனாலும் கார் அடங்கவில்லை.

அக்டோபரில் அதே தடத்தில் சோதனை ஓட்டம். அடுத்த வருடம் முதல் போர்ஷேயின் கார்களைப் பந்தயத்தில் நடத்தும் பொறுப்பு இங்கிலாந்தின் ஜான் வையர் அணிக்கு வந்திருந்தது, அவர்களுடைய இன்ஜினியர் ஜான் ஹார்ஸ்மனும் அங்கே இருந்தார். சஸ்பென்ஷன்தான் குற்றவாளி என்று ஸ்பிரிங்கை மாற்றுவதும் டயரை மாற்றுவதுமாகப் பொழுது போய்க்கொண்டிருந்தது. ஹார்ஸ்மன் சும்மா காரைச் சுற்றிவந்து பார்த்திருக்கிறார். மூக்கு முழுக்க நசுங்கிய கொசுவும் பூச்சியும் அப்பிக்கிடக்கிறது, கண்ணாடியிலும் அப்படியே. ஆனால் வால் நுனியில், காற்றைப் பிடித்துக் காரை அமுக்க வேண்டும் என்றே வைத்த தகடுகளில், ஒரு பூச்சி இல்லை. துடைத்து வைத்த மாதிரி சுத்தம்.

பூச்சி அங்கே வரவில்லை என்றால் காற்றும் அங்கே வரவில்லை என்றுதானே அர்த்தம்! கூரையைத் தாண்டிய காற்று, வாலைத் தொடாமலே மேலோடு போய்க்கொண்டிருந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு வேகமாகப் போக வேண்டும் என்று வாலை நீளமாக, தாழ்வாக, வழவழப்பாகச் செய்திருந்தார்கள். அந்த வடிவம் வேகத்தைக் கொடுத்தது, கூடவே பின்சக்கரத்தைச் சாலையிலிருந்து தூக்கவும் செய்தது. ஸ்பிரிங்கை மாற்றி இதை எப்படிச் சரிசெய்வது?

அப்புறம் நடந்தது பட்டறை வேலை. அலுமினியத் தகட்டை வெட்டி, திருகி, டேப் ஒட்டி, வாலை மேல்நோக்கி ஏறும் சரிவாக மாற்றினார்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். ஓட்டுநர் பிரையன் ரெட்மன் எடுத்துக்கொண்டு போனார். அதுவரை ஒன்றிரண்டு சுற்றிலேயே போதும் என்று திரும்பிக்கொண்டிருந்த வண்டி, இப்போது சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது. இறங்கியவர் இனி இது ரேஸ் கார்தான் என்று சொல்லிவிட்டார். அந்த ஒட்டுப்போட்ட வாலைத்தான் அழகாக வார்த்து 917கே என்று பெயர் வைத்தார்கள், கே என்றால் ஜெர்மன் மொழியில் ‘குட்டை வால்’ என்பதன் முதலெழுத்து. கல்ஃப் எண்ணெய்க் கம்பெனியின் இளநீலமும் ஆரஞ்சும் பூசி நீங்கள் பொம்மைக் கடையில் பார்ப்பது அந்த வடிவம்தான்.

கேள்வி: ஒருவர் உயிரை வாங்கிய காரைப் பிடிக்கும் என்று எழுத உங்களுக்கு உறுத்தவில்லையா?

பதில்: உறுத்துகிறது, மறைக்கவில்லை. பிரான்சில் நடக்கும் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில், 1969இல், ஜான் உல்ஃப் என்ற ஆங்கிலேயர் சொந்தக் காசில் வாங்கிய 917ஐ ஓட்டினார். ஆலையின் ஓட்டுநர்களே தயங்கிய கார் அது. முதல் சுற்றிலேயே மெசான் பிளான்ஷ் என்ற இடத்தில் கட்டுப்பாடு இழந்து மோதி இறந்தார். வாலில் பூச்சியைப் பார்ப்பதற்கு நான்கு மாதம் முன்னால்.

பழியை முழுக்கக் கார்மேல் போடவும் என்னால் முடியவில்லை. அந்தக் காலத்தில் லெ மானில் ஓட்டுநர்கள் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, கொடி அசைந்ததும் ஓடிவந்து, தாவி ஏறிக் கிளம்ப வேண்டும். அந்த அவசரத்தில் பெல்ட்டை ஒழுங்காக மாட்ட யாருக்கு நேரம்? அதே பந்தயத்தில் ஜாக்கி இக்ஸ் இதை எதிர்த்து எல்லாரும் ஓட, தான் மட்டும் நிதானமாக நடந்து போய், பெல்ட் மாட்டி, கடைசி ஆளாகக் கிளம்பினார். 24 மணி நேரம் கழித்து ஜெயித்ததும் அவரேதான், அதுவும் நூறு சொச்சம் மீட்டர் வித்தியாசத்தில். அடுத்த வருடம் அந்த ஓட்டம் ஒழிந்தது, பெல்ட் மாட்டி உட்கார்ந்தபடியே கிளம்பினார்கள்.

கேள்வி: ஃபெராரி இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததா?

பதில்: இல்லை. ஃபியட்டின் பணம் வந்ததும் அவர்களும் 25 கார் செய்தார்கள், 512எஸ். 1970இல் அமெரிக்காவின் செப்ரிங் பந்தயத்தில் ஜெயித்தார்கள். மற்றபடி அந்த வருடம் பெரிய பந்தயங்களில் 917இன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: போர்ஷேக்கு லெ மானில் முதல் வெற்றி 1970தானே? அந்தக் காரில் என்ன விசேஷம்?

பதில்: ஒரு விசேஷமும் இல்லாததுதான் விசேஷம். சிவப்பு வெள்ளை 23ஆம் எண் கார். மற்றவர்கள் பெரிய 4.9 லிட்டர் இன்ஜின், நீள வால் என்று போனபோது, ரிச்சர்ட் ஆட்வுட் பழைய 4.5 லிட்டரும் குட்டை வாலும் போதும் என்று கேட்டு வாங்கினார். காரணம் இருக்கிறது. முந்தைய வருடம் அவரும் விக் எல்ஃபோர்டும் இதே பந்தயத்தில் வெகுநேரம் முன்னணியில் இருந்து, மூன்று மணி நேரம் சொச்சம் பாக்கி இருக்கும்போது கார் உடைந்து உட்கார்ந்தார்கள். வேகம் வேண்டாம், முடிந்தால் போதும் என்ற மனநிலை. தகுதிச் சுற்றில் 15ஆவது இடம்தான் கிடைத்தது, தப்புக் கணக்கு போட்டுவிட்டோமோ என்று அவரே நொந்துபோனாராம்.

கூட ஓட்டியவர் ஹான்ஸ் ஹெர்மன், 42 வயது. மேலே சொன்ன நூறு மீட்டரில் இக்ஸிடம் தோற்றது வேறு யாருமில்லை, இவர்தான். பந்தயத்தன்று மழை, சும்மா தூறல் இல்லை, கொட்டோ கொட்டென்று கொட்டியது. வேகமான கார்கள் ஒன்றொன்றாக மோதின, உடைந்தன. கிளம்பியது 51 கார், கடைசியில் பட்டியலில் இடம்பிடித்தது வெறும் 7. முதலிடம் இவர்கள். ஹெர்மன் அன்றோடு ரேஸிங்குக்கு முழுக்குப் போட்டார், ஜெயித்தால் விட்டுவிடுகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆட்வுட்டுக்கோ பந்தயம் முழுக்கத் தொண்டை வலி, சாப்பாடு இறங்கவில்லை, பிறகு பார்த்தால் பொன்னுக்குவீங்கி.

கேள்வி: 917ஐ ஓட்டியவர்களில் யார் பெரிய ஆள்? சிஃபெர்ட்டா, ரோட்ரிகெஸ்ஸா?

பதில்: மழை என்றால் பெட்ரோ ரோட்ரிகெஸ், யோசிக்கவே மாட்டேன். 1970இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத்தில், முந்தக் கூடாது என்று மஞ்சள் கொடி காட்டிய இடத்தில் முந்தியதற்காக அவரைக் கறுப்புக் கொடி காட்டி உள்ளே கூப்பிட்டுத் திட்டினார்கள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுக்கொண்டு, மறுபடி மழைக்குள் போய், மற்ற எல்லாரையும் ஐந்து சுற்று பின்னுக்குத் தள்ளி ஜெயித்தார். 1971இல் இருவருமே விபத்தில் போய்விட்டார்கள், ரோட்ரிகெஸ் ஜூலையில் ஒரு ஃபெராரியில், சிஃபெர்ட் அக்டோபரில் ஒரு ஃபார்முலா 1 காரில். 917 கையில் தப்பித்தவர்கள்.

கேள்வி: இளஞ்சிவப்புப் பன்றி மாதிரி ஒரு 917 படம் பார்த்தேன். யாரோ கிண்டலுக்கு வரைந்ததா?

பதில்: போர்ஷேயே 1971 லெ மானுக்குக் கொண்டுவந்ததுதான். குட்டை வாலின் பிடிப்பும் நீள வாலின் வேகமும் ஒன்றாகக் கிடைக்குமா என்று பார்க்கச் செய்த 917/20. உடம்பு பருத்து அகலமாகப் போனதால், வடிவமைப்பாளர்கள் ரோஜா நிறம் அடித்து, கசாப்புக்காரர் வெட்டும் கோடுகளைப் போட்டு ஒவ்வொரு பாகத்துக்கும் பெயரும் எழுதிவிட்டார்கள். பந்தயத்தில் மோதி நின்றுவிட்டது. ஜெயித்த காரைவிட இன்று இதற்குத்தான் ரசிகர்கள் அதிகமோ என்று தோன்றுகிறது.

ஜெயித்த கார் ஹெல்முட் மார்கோ, ஹேய்ஸ் வான் லென்னெப் ஓட்டியது. 24 மணி நேரத்தில் 5,335 கிலோமீட்டர், சராசரி மணிக்கு 222. அந்தத் தூரத்தை 2010 வரை யாராலும் தாண்ட முடியவில்லை. நடுவில், 1990இல், லெ மான் தடத்தின் முல்சான் நேர்ச்சாலையில் வேகத்தைக் குறைக்க வளைவுகள் போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். இன்னொரு சங்கதி, அந்தக் காரின் எலும்புக்கூடு அலுமினியம் இல்லை, மெக்னீசியம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாத உலோகம். ஓட்டியவர்களுக்கு அது பந்தயத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி: இவ்வளவு ஜெயித்த காரை ஏன் தடை செய்தார்கள்? பொறாமையா?

பதில்: தடை என்று பெயர் சொல்லிச் செய்யவில்லை. 1972 முதல் எல்லாருக்கும் 3 லிட்டர்தான் என்று விதி வந்தது, அவ்வளவுதான். விதியின் ஓட்டையில் பிறந்த கார், ஓட்டையை அடைத்ததும் வெளியே நின்றது.

போர்ஷே காரை எடுத்துக்கொண்டு அமெரிக்கா போனது. அங்கே கேன்-ஆம் என்ற தொடரில் இன்ஜின் அளவுக்கு வரம்பே கிடையாது, மெக்லாரன் அணி ஐந்து வருடமாகத் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தது. 917இன் கூரையை எடுத்துவிட்டு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இரண்டு மாட்டினார்கள். டர்போவில் பெரிய தொல்லை, காலை அமுக்கினால் சக்தி உடனே வராது, வளைவு முடிவதற்குள் திடீரென்று மொத்தமாக வரும். போர்ஷே ஆட்களோடு உட்கார்ந்து இதை மாதக்கணக்கில் பழக்கப்படுத்தியவர் மார்க் டோனஹியூ, படித்த இன்ஜினியர், பென்ஸ்கே அணியின் ஓட்டுநர். பாவம், 1972இல் சோதனை ஓட்டத்தில் காலை உடைத்துக்கொண்டார், அவருக்குப் பதில் வந்த ஜார்ஜ் ஃபோல்மர் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். 1973இல் 917/30 வந்தது, 5.4 லிட்டர், பந்தயத்தில் 1,100 குதிரைசக்தி. மொத்தம் 8 பந்தயம், எட்டையும் 917களே ஜெயித்தன, அதில் கடைசி ஆறு வரிசையாக டோனஹியூ. அடுத்த வருடம், எண்ணெய் நெருக்கடியைக் காட்டி, பெட்ரோல் செலவுக்கு வரம்பு வைத்துவிட்டார்கள்.

1975 ஆகஸ்டில் அமெரிக்காவின் டல்லடேகா ஓவல் தடத்தில் அதே 917/30ஐ எடுத்து மணிக்கு 355 கிலோமீட்டருக்கு மேல் சராசரியில் ஒரு சுற்று ஓட்டி உலக சாதனை வைத்தார் டோனஹியூ. பத்தே நாளில் ஒரு ஃபார்முலா 1 காரில் பயிற்சி ஓட்டத்தில் அடிபட்டு இறந்துபோனார். அந்த விபத்து நடந்த இடம், 917 முதல் பந்தயத்தை ஜெயித்த, ஹார்ஸ்மன் பூச்சியைப் பார்த்த, அதே ஆஸ்டரைஷ்ரிங்.

கேள்வி: கடைசியாக ஒன்று. 917ஐ நம்பர் பிளேட் போட்டு ரோட்டில் ஓட்ட முடியுமா?

பதில்: ஓட்டியிருக்கிறார்கள். 1975இல் மார்ட்டினி ரோஸி மதுபானக் கம்பெனிக் குடும்பத்தின் கோமகன் ரோஸி ஒரு 917கேயை வாங்கி, சைலன்சர், கண்ணாடி, இண்டிகேட்டர், ஹாரன், தோல் இருக்கை எல்லாம் போடச் சொன்னார். வெள்ளி நிறம். ஐரோப்பாவில் பதிவு செய்ய முடியாமல் அமெரிக்காவின் அலபாமா மாநில எண்ணை வாங்கினார்கள், அந்தக் காரை அலபாமா சாலையில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு என்று சொல்வார்கள். ஸ்டுட்கார்ட்டில் சாவியை வாங்கிக்கொண்டு நேரே பாரிஸ் வரைக்கும் ஓட்டிக்கொண்டே போனார்.